விதையிலிருந்து அலோ ஃபெராக்ஸ்: முள் முதல் பூ வரை

தென்னாப்பிரிக்கக் காட்டுக் கற்றாழையான அலோ ஃபெராக்ஸ், நம் ஊர்ச் சோற்றுக்கற்றாழையைப் போலப் பக்கக்கன்று விடுவதில்லை. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் அது இருக்கிறது. மலைச்சரிவில் கண்டதைப் பிடுங்கி வரும் எண்ணமும் எனக்கில்லை. ஆகவே தென்னாப்பிரிக்க நகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில், நர்சரியில் வாங்கிய விதையிலிருந்தே தொடங்கினேன்.

விதை தட்டையானது, ஓரத்தில் மெல்லிய சிறகு உண்டு. பருமணல் மிகுந்த கலவையில் செப்டம்பரில் தூவி, மேலே மணலை லேசாகப் போர்த்தியபோது மூன்று நான்கு வாரங்களில் முளைத்தது. நாற்றழுகலைத் தவிர்க்க மேலே தெளிக்காமல், தட்டில் நீர் வைத்து அடியிலிருந்தே ஈரம் ஏற்றினேன்.

இளங்கன்றின் இலைகள் முதலில் எதிரெதிராக இரண்டே வரிசையில், விரித்த விசிறி போல அமைகின்றன. சுழலடுக்கு பிறகே வருகிறது. அந்தப் பருவத்தில் இலை விளிம்பில் மட்டுமல்லாமல் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் செம்பழுப்பு முட்கள் நிற்பதைப் பார்த்து, இதுதான் இந்த இனத்தின் அடையாளம் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் தண்டு உயர உயர, புதிதாக வந்த இலைகளில் பரப்பு முட்கள் குறைந்து, விளிம்புப் பற்களே மிஞ்சின. மேயும் விலங்கின் வாய்க்கு எட்டும் உயரத்தில்தான் அந்தக் காவல் தேவை என்பது என் கணிப்பு.

முதிர்ந்த இலை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மஞ்சள் சாறு நடுச்சோற்றிலிருந்து வரவில்லை. பச்சைத் தோலுக்குச் சற்று உள்ளே, சாற்றுக்குழாய்க் கற்றைகளை ஒட்டிய வரிசையிலிருந்து புள்ளி புள்ளியாகக் கசிந்தது. கசப்பெல்லாம் அதில்தான். பீங்கான் தட்டில் உலரவிட்டபோது அது கண்ணாடித் துண்டு போன்ற கரும்பழுப்புச் சில்லாயிற்று. கற்றாழைச் சாற்றை உலர்த்திச் செய்யும் நாட்டுமருந்துக் கடைக் கரியபோளத்துக்கு நெருங்கிய உறவு இது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் வெட்டிய இலைகளைக் குழியைச் சுற்றி அடுக்கி, வடியும் சாற்றைக் காய்ச்சி, 18ஆம் நூற்றாண்டிலிருந்தே ஏற்றுமதி செய்து வருகிறார்கள்.

தண்டைச் சுற்றித் தொங்கும் காய்ந்த இலைகளை, அழகு கருதிக்கூட, நான் உரிப்பதில்லை. புல்வெளித் தீயில் அவை தண்டைக் காக்கின்றன என்பதைச் சூழலியலாளர் வில்லியம் பாண்ட் 1983இல் எழுதிய ஆய்வு காட்டியது. உரித்த செடிகளே பெரும்பாலும் மடிந்தன. தோட்டத்தில் தீ வராது என்பது உண்மைதான், இருந்தாலும் செடியின் இயல்பான உருவத்தைப் பார்க்கவே வளர்க்கிறேன்.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு குளிர்காலத்தில், கிளைத்த பூந்தண்டு எழுந்தது. கதிர்கள் நிமிர்ந்து நின்றன. நடுக்கதிர் மற்றவற்றைவிட உயரம். மொட்டுகள் கீழிருந்து மேலாக விரிந்தன. ஆரஞ்சுச் சிவப்புக் குழலுக்கு வெளியே மகரந்தத்தாள்கள் நீண்டிருந்தன. இதே நாட்டின் அலோ மார்லோத்தியும் ஒற்றைத் தண்டும் பரப்பு முட்களும் உடையதுதான், ஆனால் அதன் கதிர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். இலையைக் கொண்டு சந்தேகமாகவே இருந்த பெயர் அன்றுதான் உறுதியாயிற்று.

புல்புல்களும் தூக்கணாங்குருவி இனப் பறவைகளும் முகத்தில் மகரந்தம் அப்பியபடி பூவுக்குப் பூ தாவின. மூவறைக் காய்கள் உலர்ந்து வெடித்திருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் அலோ ஆர்போரசன்ஸ் என்ற வேறொரு கற்றாழையும் அதே காலத்தில் பூத்திருந்தது. கற்றாழைகள் எளிதில் கலப்பவை. எனவே இந்த விதைகளைத் தனித்தட்டில் தூவி, சீட்டில் தாய்ச்செடியின் பெயரை மட்டும் எழுதி, தந்தை என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.