கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னாடி போட்ட குவாரி கணக்கு

எங்க ஊருக்கு மேக்கால புதுசா கல்குவாரி வருதுன்னு பேப்பர்ல அறிவிப்பு வந்துச்சு, கருத்துக்கேட்பு கூட்டத்துக்கு 30 நாள்தான் இருந்துச்சு. இடம் என்னமோ ரெண்டரை ஹெக்டேர்தான், ஆனா 500 மீட்டருக்குள்ள ஏற்கனவே ஓடுற குவாரியையும் சேத்தா 5 ஹெக்டேர் தாண்டுது, அதனாலதான் கூட்டமே. ஊராட்சி ஆபீஸ்ல அந்தக் குவாரியோட சுற்றுச்சூழல் பாதிப்பு ரிப்போர்ட் வச்சிருந்தாங்க, தடிமனான புத்தகம், கூடவே தமிழ்ல ஒரு சுருக்க அறிக்கை. எல்லாப் பக்கத்துலயும் "பாதிப்பு மிகக் குறைவு"ன்னே இருந்துச்சு. எங்ககிட்ட மெஷினும் கிடையாது, லேபுக்குக் குடுக்க காசும் கிடையாது.

சுற்றுச்சூழல் இன்ஜினியரிங் படிச்ச ஒரு தம்பி, சொந்தக்காரப் பையன், லீவுக்கு வந்திருந்தான். அவன் சொன்னதுதான் எனக்குப் பிடிமானம். "அண்ணா, துல்லியமா கணக்குப் போட நம்மால முடியாது, குத்துமதிப்பா போடுவோம், ரெண்டு மடங்கு மூணு மடங்கு முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல, எது கண்டிப்பா பெருசு, எதைக் கணக்குலயே சேக்க வேண்டாம், எதைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, இந்த மூணா பிரிச்சுட்டா போதும்"னான். கையில கிடைச்ச கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டு உக்காந்தோம்.

முதல்ல லாரி. ரிப்போர்ட்ல 5 வருஷத்துக்கு 3 லட்சம் கனமீட்டர் கல்லுன்னு இருந்துச்சு. வருஷத்துக்கு 60,000, வேலை நாள் 300ன்னா ஒரு நாளைக்கு 200 கனமீட்டர். கருங்கல்லு ஒரு கனமீட்டர் 2.7 டன் வரும், ஆக 540 டன். டிப்பருக்கு 20 டன்னுன்னு வச்சா 27 லோடு, போக வர 54 நடை. எட்டு மணி நேரத்துக்குப் பங்கு போட்டா ஒம்பது நிமிஷத்துக்கு ஒரு டிப்பர். ரிப்போர்ட்ல "நாளொன்றுக்கு 10 முதல் 15 வாகனங்கள்"னுதான் இருக்கு. 15 லோடு போனா 300 டன்தானே ஆகுது, மீதி 240 டன் எப்படிப் போகும்? அவங்க போட்ட கல்லுக் கணக்கும் வண்டிக் கணக்கும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல, இதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகல. அந்த ரோட்டுலதான் தொடக்கப்பள்ளி இருக்கு, புள்ளைங்க நடந்துதான் போகுதுங்க.

கணக்கு மேல எனக்கே முழு நம்பிக்கை வரல. அதனால மறுநாள் காலைல, இப்ப ஓடிட்டு இருக்கற குவாரி ரோட்டுல பஸ் ஸ்டாப் திண்ணைல உக்காந்து ஒரு மணி நேரம் எண்ணினேன், போக வர 9 டிப்பர். அந்தக் குவாரி புதுசை விட சின்னது. பக்கத்து வீட்டு அப்பத்தா முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தாங்க, ஒரு கொத்தை எடுத்து என் உள்ளங்கைல தட்டுனாங்க, வெள்ளையா மாவு மாதிரி தூசி படிஞ்சுது. "மூணு தண்ணி அலசுனாத்தான் கண்ணு குழம்புக்கு ஆகும்"னாங்க.

அடுத்து அந்தத் தூசி. மண் ரோட்டுல பெரிய டிப்பர் ஒரு கிலோமீட்டர் ஓடுனா அரை கிலோலேர்ந்து ஒரு கிலோ வரைக்கும் மூச்சுக்குள்ள போற அளவு நுண்துகள் கிளம்பும்னு தம்பி ஒரு ஃபார்முலால போட்டுப் பாத்தான். மண் ரோடு 1.2 கிலோமீட்டர், 54 நடை, ஒரு நாளைக்கு சுமாரா 50 கிலோ. ரோட்டு நீளத்துக்கு 10 மீட்டர் உயரத்துல ஒரு கற்பனைப் பெட்டி, அதுல நொடிக்கு 2 மீட்டர் காத்து அடிக்குதுன்னு வச்சா ஒரு கனமீட்டர் காத்துக்கு 70 மைக்ரோகிராம் கிட்ட வந்துச்சு. வரம்பு 100ங்கறப்ப நான் துள்ளிக் குதிச்சேன், அவன் கையைப் புடிச்சு உக்கார வச்சான். 100ங்கறது 24 மணி நேர சராசரிக்கு, நம்ம கணக்கு எட்டு மணி நேரத்துக்கு, அப்போ மூணுல ஒரு பங்குதான், 24. ஏற்கனவே காத்துல 45 இருக்குன்னு ரிப்போர்ட்டே சொல்லுது, கூட்டுனா 69, தினசரி வரம்பைத் தாண்டல. ஆனா வருஷ சராசரிக்கு வரம்பு 60, அதை லேசா தாண்டுற மாதிரி வந்துருச்சு. ஆனா எங்க கணக்குல இருக்கற பிசகுக்கு, கண்டிப்பா தாண்டும்னும் சொல்ல முடியாது, தாண்டாதுன்னும் சொல்ல முடியாது. தூசியை "சொல்ல முடியாது" பக்கம் எழுதினோம்.

தூசி அடங்க தண்ணி தெளிப்போம், தினம் 2,000 லிட்டர்னு போட்டிருந்தாங்க. ரோடு 1,200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 7,200 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்னு ஒரு தடவை தெளிச்சாலே 7,200 லிட்டர் ஆச்சு. நம்மூர் வெயிலுக்கு ஒரு தடவை பத்துமா? மூணு தடவைன்னா 21,600. பத்து மடங்கு வித்தியாசம்! இதெல்லாம் குத்துமதிப்புப் பிசகுல அடங்காதுங்க.

கஷ்டமா இருந்தது வெடி விஷயம்தான். ஊர்ல பாதிப் பேருக்கு அதுதான் பயம், எங்க மாமா வீட்டுச் செவுத்துல விரிசல் வேற இருக்கு. பக்கத்துல இருக்கற வீடு 320 மீட்டர், ஒரு தடவைக்கு வெடிக்கற மருந்து 25 கிலோன்னு ரிப்போர்ட்ல இருந்துச்சு. வெடி அதிர்வுக்கான ஃபார்முலால, மருந்து எடைக்கு வர்க்கமூலம் 5, தூரத்தை அதால வகுத்தா 64, அதுக்கு தரை அதிர்ற வேகம் நொடிக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் வருது, வீடுகளுக்கு வச்சிருக்கற வரம்பு 5. சொன்ன அளவு மருந்தை மட்டும் போட்டா இது பெரிய பிரச்சினை இல்லைன்னுதான் அர்த்தம். மாமா கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சே போயிட்டார். ரெண்டு நாள் கழிச்சு நானே வீட்டுக்குப் போயி, "மாமா, கூட்டத்துல நமக்கு ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க, தப்பா ஒண்ணு சொன்னா மீதி சொல்றதையும் சேத்துத் தள்ளிருவாங்க, நீங்க டிப்பரைப் பத்தி பேசுங்க"ன்னு கெஞ்சி சம்மதிக்க வச்சேன்.

மாமா நல்லா பேசுனாருங்க. ஒம்பது நிமிஷத்துக்கு ஒரு வண்டின்னதும் கூட்டமே அமைதியாயிருச்சு. அப்பத்தா கீரைக் கொத்தை மேசை மேலயே வச்சுட்டாங்க. கூட்டத்துல பேசுனதோட சுருக்கத்தை முடிவுல உள்ளூர் மொழியிலேயே வாசிக்கணும்னு விதி இருக்கு. அதைக் கேட்டு வாங்கி, எங்க நம்பர் எல்லாம் அதுல இருக்கான்னு பாத்துட்டுத்தான் கிளம்பினோம். உங்க ஊர்ல கூட்டம் நடந்தா இதை மட்டும் விட்டுறாதீங்க.

சில மாசம் கழிச்சு திருத்துன ரிப்போர்ட் வந்துச்சு. "போக வர 56 நடை"ன்னு இருந்துச்சு, நாங்க சொன்னது 54. பள்ளிக்கூடம் விடுற, தொடங்குற நேரத்துல வண்டி ஓடாது, மண் ரோட்டுக்குத் தார் போடுவோம்னு எழுதியிருக்காங்க.

கிணத்து விஷயம் மட்டும் அப்படியே நிக்குது. 3 லட்சம் கனமீட்டரை ரெண்டரை ஹெக்டேருக்கு வகுத்தா சராசரி 12 மீட்டர் ஆழம், படி விட்டு வெட்டுறதால நடுவுல இன்னும் ஆழமா போகும், எங்க கிணறுகளே 15, 20 மீட்டர்தான். ஊத்துக்கண்ணு எந்தப் பாறை வெடிப்பு வழியா வருதுன்னு பத்திரிகைக்குப் பின்னாடி கணக்குப் போட முடியாதே. அதனால கயித்துல கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏழு கிணத்துல அளந்து நோட்டுல எழுதிட்டு வர்றோம். மாமா கிணத்துல போன தடவை 38 அடி.