வாலப்பகடையின் மகள்கள்

ஆடி அமாவாசைக்குத் திருநெல்வேலி மாவட்டத்துக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்குப் பட்டவராயன் சன்னதி தெரியும். அங்கே காணிக்கை செருப்பு. நேர்ந்துகொண்டவர்கள் புதுத் தோல்செருப்பு கொண்டுவந்து கட்டுகிறார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்குமாம். ராத்திரி பட்டவராயன் போட்டு நடந்திருக்கிறார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மற்ற சாமிக்கு முன்னால் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிற பொருளை இந்தச் சாமிக்கு மட்டும் ஏன் கட்டுகிறோம்?

கதை அப்படி. பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டன் பிராமணர். அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்பட்டுப் பெண் கேட்கிறார். பகடை உடனே தலையாட்டிவிடவில்லை. பூணூலையும் குடுமியையும் எடு, எங்கள் தொழிலைக் கற்றுக்கொள், பிறகு பேசலாம் என்கிறார். முத்துப்பட்டன் அறுத்துப் போடுகிறார், தோலை எடுத்துச் செருப்புத் தைக்கிறார், கல்யாணம் நடக்கிறது. கடைசியில் மாமனாரின் காவலில் இருந்த மாடுகளைக் களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்துப்போகிறார். இரண்டு பெண்களும் தீப்பாய்கிறார்கள்.

ஆனால் கொடை என்கிற ஊர்க்கோயில் திருவிழாக்களில் வில்லுப்பாட்டாக நான் அதிகம் கேட்டது வேறு. அதில் பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள். காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார். அந்த இடம் வந்ததும் பந்தலில் உட்கார்ந்திருக்கும் சிலர் முகம் தெளிவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர், நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை 1971-இல் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தவர். இந்தத் திருப்பம் பின்னால் செருகப்பட்டது என்று எழுதியவரும் அவர்தான்.

முத்துப்பட்டனின் தியாகம் இதனால் சிறுத்துப்போகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான். எனக்கு அதைவிட ஆறாதது வாலப்பகடைக்கு நடந்தது. மேல்சாதி மாப்பிள்ளையை நிற்கவைத்து நிபந்தனை போட்ட தகப்பன் அவர். அவருடைய பிள்ளைகளையே அவருடையவர்கள் இல்லை என்று ஆக்கிவிட்டோம். பெற்றவளுக்கோ பாட்டில் இடமே இல்லாமல் போகிறது. அழகும் அறிவும் உள்ள பெண்கள் அந்தக் குடிசையில் பிறந்திருக்க முடியாது என்று ஒரு ஊரையே உட்காரவைத்து, உடுக்கும் குடமும் முழங்கப் பாடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கொடை முடிந்து, வில்லடிக்கிற வீசுகோலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த வில்லுப்பாட்டுப் புலவரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைகள பகடைக்குப் பிறந்தவங்கன்னே பாடினா என்ன?"

"எனக்கு ரெண்டு மாதிரியும் பாடம் உண்டு தாயி. கொடை நடத்துதவிய எதைக் கேக்காவளோ அதைத்தானே பாட முடியும்? சண்டை வந்துட்டா யாரு பதில் சொல்ல?"

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. விடிய விடியத் தொண்டை கட்டப் பாடி, அந்தக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர். சண்டைக்கு அவர் ஏன் நிற்க வேண்டும்? கேட்க வேண்டியவர்கள் பணம் கொடுக்கிற நாம்.

அதனால் கொடைக் கமிட்டியில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வில்லுக்காரருக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: எங்கள் ஊரில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மகள்கள், அப்படியே பாடுங்கள், வருகிற பேச்சுக்கு நாங்கள் பொறுப்பு என்று.