வெறுத்துப் போட்ட வாக்கு எங்கே போகிறது

இலங்கையில் வாக்கெண்ணும் வேலைக்குப் போகிற எங்களுக்கு, யார் வெல்கிறார் என்பது தெரிவதற்கு முன்பே செல்லாத வாக்குகள் கண்ணில் படும். பெட்டிகளைக் கொட்டிக் கட்சிவாரியாகப் பிரிக்கும்போது, எதிலும் சேராத தாள்களை ஒதுக்கி வைப்போம். பொறுப்பதிகாரி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, கட்சி முகவர்களுக்கும் காட்டித்தான் முடிவு சொல்வார்.

அவற்றில் பல தெரியாமல் பிழையாகப் போட்டவை. கட்சிக்குப் புள்ளடி (X) போடாமல், பிடித்த வேட்பாளரின் எண்ணான விருப்பு இலக்கத்துக்கு மட்டும் போட்டிருப்பார்கள். வேறு சிலவற்றைப் பார்த்த உடனே கோபம் தெரியும். மேலிருந்து கீழ் வரை ஒரே கோடு. அழுத்திய அழுத்தத்தில் தாளின் பின்பக்கம் வரை தடம் விழுந்திருக்கும். 2022இல் மக்கள் போராட்டத்தின்போது வீதியில் கேட்ட, நாடாளுமன்ற உறுப்பினர் "225 பேரும் வேண்டாம்" என்ற கோஷம்தான் அந்தக் கோடு. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் செல்லாத வாக்குகள் ஏறக்குறைய 3 லட்சம். நவம்பர் பொதுத் தேர்தலில் அது 6 லட்சத்து 67 ஆயிரத்தைத் தாண்டியது. வாக்களித்தவர் வீதமும் 79இலிருந்து 69க்கு இறங்கியது.

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் மலையகத்தில் இந்தக் கசப்புக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே கட்சி என்பது தொழிற்சங்கம். சம்பளத்தில் சந்தா பிடிக்கிற சங்கமே தேர்தலிலும் வாக்குக் கேட்டு வருகிறது. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அண்ணன் ஒரு சங்கம், தம்பி இன்னொரு சங்கம் என்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள். கொழுந்து பறித்தே வயதான என் பெரியம்மா ஒருமுறை சொன்னார்: "தம்பி, ரெண்டு பயல்களும் மூஞ்சத் தூக்கிக்கிட்டுத் திரியுறானுங்க. யாரு மனசும் நோகக் கூடாதுன்னு ரெண்டுக்கும் புள்ளடி போட்டுட்டு வந்தேன்." பாவம், இரண்டு பக்கமும் சமாதானமாக இருக்கட்டும் என்று போட்ட வாக்கு ஒரு பக்கமும் சேரவில்லை.

நுவரெலியா மாவட்டக் கணக்கைப் பாருங்கள். செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க இங்கே மூன்றாம் இடம், 1 லட்சத்து 5 ஆயிரம் வாக்குகள். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி, அதன் சின்னத்தால் சொன்னால் திசைகாட்டி, 1 லட்சத்து 61 ஆயிரத்தோடு முதலிடம். பழைய தலைமைகள் மீதான வெறுப்பு அந்தப் பக்கம் போனது உண்மைதான். ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாச இங்கே எடுத்த 2 லட்சம், பொதுத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு 1 லட்சமாகச் சுருங்கியது. விட்டுப்போன வாக்குகள் எல்லாம் திசைகாட்டிக்குப் போகவில்லை. ஒரு பங்கு வீட்டிலேயே இருந்துவிட்டது.

அப்புறம் ஆசனக் கணக்கு. திசைகாட்டிக்கு ஏறக்குறைய 41 வீதம். மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 5 அவர்களுக்கு. 5 வீதம் எடுக்காத குழுக்களின் வாக்குகளைக் கழித்துவிட்டுத்தான் பங்கீடு தொடங்கும். முதலில் வருகிறவருக்கு ஒரு ஆசனம் மேலதிகமாகவும் கிடைக்கும். செல்லாத வாக்கு இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. "ஒருவரும் வேண்டாம்" என்று கோடு போட்டவர், தனக்கே தெரியாமல், யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்குத் தோள் கொடுத்துவிடுகிறார். இது எந்தக் கட்சி முன்னால் இருந்தாலும் அப்படித்தான்.

எனக்கு இதில் மனம் ஆறவில்லை. 1947இல் எங்கள் மக்கள் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது, வாக்கு பறிபோனது. நாடற்றவர் என்ற நிலையைத் தீர்க்கச் சட்டம் வர 2003 வரை இழுத்தது. அதே சமூகம் 2024இல் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் முதன்முறையாக மலையகத் தமிழ்ப் பெண்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. கோபத்தோடு போட்டாலும் சரியாகப் போட்ட வாக்குகள் அவை.

தேர்தல் நெருங்கினால் தோட்டங்களில் புள்ளடி எப்படிப் போடுவது என்று படம் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறோம். கோடு போட்ட தாளும் வீட்டில் இருந்த வாக்கும் ஆசனக் கணக்கில் என்ன செய்யும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அடுத்த தேர்தலுக்கு முன் அதையும் நாங்கள் சொல்ல வேண்டும்.