இப்போது நீ சொல்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, பள்ளி மைதானத்தையும் ஆண்டு விழாக்களையும் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று நழுவப் பார்த்தேன். அவர் விடவில்லை. "பல நாட்டு ஆட்களோடு கப்பலில் காலம் தள்ளியவர் நீங்கள். அவர்களோடு எப்படிப் பேசிப் பழகினீர்கள் என்று எழுதுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நம் பிள்ளைகள் படிக்கட்டும்" என்றார். சரி என்று உட்கார்ந்தால், எங்கே தொடங்கினாலும் அது நம் வேதியியல் சாரிடம்தான் போய் நிற்கிறது.

மற்ற வகுப்புகளில் "புரிந்ததா?" என்று கேட்பார்கள், வகுப்பு முழுக்க ஒரே ராகத்தில் "புரிந்தது சார்" என்று இழுப்போம். வேதியியல் சார் அந்தக் கேள்வியைக் கேட்டதாகவே நினைவில்லை. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை நீர்க்கச் செய்யும் முறையை விளக்கிவிட்டு, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனை எழுப்புவார். "இப்போது நீ என்ன செய்யப் போகிறாய், சொல்." அவன் பாவம், அமிலத்தில் தண்ணீரை ஊற்றுவேன் என்பான். சார் திட்டமாட்டார். "ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், அதுவும் உன் முகத்தில். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கேட்டவனுக்கு விளங்காவிட்டால் பொறுப்பு சொன்னவனுடையது என்பது அவர் கணக்கு. அதை ஒரு தத்துவமாக அவர் சொன்னதில்லை. நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், சார் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அரைக்கிறார் என்று சலித்துக்கொண்டோம்.

பிறகு கப்பலுக்குப் போனால், பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேடையில், முழுக்க அவருடைய ஆட்சிதான். கேப்டன் "ஸ்டார்போர்டு டென்" (சுக்கான் வலப்பக்கம் பத்து பாகை) என்றால், சுக்கான் பிடிப்பவர் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்புவார். சுக்கான் பத்து பாகைக்கு வந்து நின்றதும் மறுபடி ஒருமுறை சொல்வார். சொன்னவர், கேட்டவர், செய்தவர் எல்லாரும் ஒரே எண்ணைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறுதியாகும். போகும் திசை 150 பாகை என்றால் 'ஒன் ஃபைவ் ஸீரோ' என்று ஒவ்வோர் எண்ணாகப் பிரித்துச் சொல்லவேண்டும். சுக்கான் கோணத்துக்கு மட்டும் அப்படிப் பிரிப்பதில்லை, 'ஃபிஃப்டீன்' என்று சேர்த்தே சொல்லலாம். கேப்டன் ஒரு நாட்டவர், சுக்கான் பிடிப்பவர் இன்னொரு நாட்டவர், துறைமுகத்துக்கு வழிகாட்டப் படகில் வந்து ஏறிய பைலட் மூன்றாவது நாட்டவர். மூவரின் ஆங்கிலமும் மூன்று விதம். அப்படியிருந்தும் குறுகலான கால்வாய்க்குள் பெரிய கப்பல் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதென்றால், இந்தத் திருப்பிச் சொல்லும் பழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இதெல்லாம் சடங்கு அல்ல என்பதற்குக் கடல்வாசிகள் எல்லாரும் அறிந்த ஒரு சம்பவம் உண்டு. 1990 ஏப்ரல் 7 அதிகாலையில், ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் ஃப்ரெடரிக்ஸ்ஹாவனுக்குப் போய்க்கொண்டிருந்த 'ஸ்காண்டிநேவியன் ஸ்டார்' என்ற பயணிகள் கப்பலில் தீப்பிடித்தது. 159 பேர் இறந்துபோனார்கள். தீயும் புகையும்தான் கொன்றன. ஆனால் அந்தக் கப்பலின் ஊழியர்களில் பலர் புதியவர்கள். பயணிகளின் மொழியும் தெரியாது, சக ஊழியரோடு பேசப் பொது மொழியும் இல்லை. புகைக்குள் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று சொல்லவேண்டிய நேரத்தில் அது எவ்வளவு பெரிய குறை என்று யோசித்துப் பாருங்கள்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் கப்பல்களில் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவதற்கான ஆங்கிலச் சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதிகாரியாக வருபவர் எவரும் அதைப் படித்தே ஆகவேண்டும். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பேச்சைத் தொடங்கும்போதே அது என்ன வகைப் பேச்சு என்று சொல்லிவிடும் முறை. கேள்வியா, எச்சரிக்கையா, வேண்டுகோளா, தகவலா, நான் செய்யப்போவதைச் சொல்கிறேனா என்பதை முதலில் அறிவித்துவிட்டு, அதன்பிறகு விஷயம். 'உள்ளே வரலாமா என்று பார்க்கிறேன்' என்கிற பாணியிலான மரியாதைப் பேச்சு ரேடியோவில் ஆபத்து. அனுமதி கேட்கிறாரா, வந்தே விட்டாரா என்று எதிர்முனைக்குத் தெரியாது. கரையில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்வேன். பல நாட்டினர் இருக்கும் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலின் முதல் வரியிலேயே "இது தகவலுக்கு மட்டும்" அல்லது "உங்கள் முடிவு வேண்டும்" என்று எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ரேடியோவிலாவது குரல் மட்டும்தான். நேருக்கு நேர் நின்றால் தலையும் சேர்ந்து பேசுகிறது, அது இன்னும் சிக்கல். பல்கேரியாவில் மேலும் கீழும் தலையசைத்தால் மறுப்பு. நாமோ இரு பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஒரு ஆட்டு ஆட்டுவோம். அது சம்மதமா, யோசனையா, 'சொல்லு, கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதா, நமக்கே சூழ்நிலை பார்த்துத்தான் தெரியும். ஒரு தலைமைப் பொறியாளர் எங்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வார்: "தலை வேண்டாம், வாயால் சொல்லுங்கள்."

மௌனத்தையும் அப்படித்தான் தவறாகப் படிக்கிறோம். ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் பதில் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் போகிறது என்று பத்து மொழிகளில் அளந்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி ஏறத்தாழ 0.2 விநாடி. ஜப்பானியரிடம் இடைவெளி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டேனிஷ்காரர்கள் அரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் அந்தச் சின்ன இடைவெளியில் அவசரக்காரர் உள்ளே புகுந்துவிடுகிறார், நிதானக்காரருக்குக் கருத்தே இல்லை என்று முடிவாகிவிடுகிறது. அந்நிய மொழியில் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டிருப்பவருக்கு இன்னும் நேரம் வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் நடக்கும் கூட்டத்தில், கேள்வி கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கேப்டனிடம் நான் வேலை பார்த்தேன். அறையே நெளியும். அவர் அசையமாட்டார். கடைசியில், அதுவரை வாயே திறக்காத ஒருவர்தான் "காற்றைச் சோதிக்கும் கருவியின் பேட்டரி காலையிலேயே குறைவாகக் காட்டியது" என்று சொல்வார்.

அதே கேப்டன் சில நாள், கடல் வெறிச்சோடி இருக்கும்போது, வேண்டுமென்றே தப்பான திசையைச் சொல்வார். புதிய மூன்றாம் அதிகாரி வாயைத் திறக்கிறானா என்று பார்ப்பதற்காக. பெரியவர் சொன்னால் மறுக்கக்கூடாது என்று வளர்ந்த பையன்களுக்கு அது கண்டம். "சார், திசை சரிதானா என்று ஒருமுறை..." என்று இழுத்தாலே அவருக்குப் போதும், உடனே திருத்திக்கொண்டு நன்றி சொல்வார். மேலதிகாரிக்கு எவ்வளவு தூரம் அடங்கிப்போவது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது என்று நெதர்லாந்து சமூக உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட், ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் திரட்டிய பதில்களை வைத்து எழுதினார். 1967 முதல் 1973 வரை திரட்டியவை. அந்த எண்கள் நாட்டின் சராசரிதான், தனி ஆளைப் பற்றியவை அல்ல என்று அவரே எச்சரித்திருக்கிறார். பயிற்சி வகுப்புகளில் இந்த எச்சரிக்கையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 'இந்த நாட்டுக்காரர் இப்படி, அந்த நாட்டுக்காரர் அப்படி' என்ற பட்டியல்களை எனக்கும் நிறையக் கொடுத்தார்கள். அமைதியானவர்கள் என்று பட்டியல் சொன்ன நாட்டிலிருந்து வந்த போசன் (தள ஊழியர்களின் தலைவர்) ஒருவர், கப்பலையே அதிரவைக்கும் குரலோடு வந்து சேர்ந்தார். அதன்பின் நான் பட்டியலைப் புரட்டவில்லை, ஆளிடமே கேட்டுக்கொண்டேன்.

பெயர் விஷயமும் அப்படித்தான். கப்பல் ஊழியர் பட்டியலில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை அமைத்தவர், உலகில் எல்லாருக்கும் அப்படி ஒன்று உண்டு என்று நம்பியிருக்கவேண்டும். வேறு வழியில்லாமல் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதுவேன். அதன்பிறகு கப்பல் முழுக்க என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடும். இரவு இரண்டு மணிக்கு யாரோ கதவைத் தட்டி அப்பாவை வேலைக்கு எழுப்புவார்கள். ஒவ்வொரு புதுக் கப்பலிலும் இதை விளக்குவேன். சிலருக்கு ஏறும், சிலருக்கு ஏறாது. ஐஸ்லாந்துக்காரர் ஒருவருக்கு மட்டும் விளக்கமே தேவைப்படவில்லை. அங்கேயும் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாதாம், அப்பா பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பதோடு சரி. தொலைபேசிப் புத்தகத்தில்கூடச் சொந்தப் பெயரைத்தான் தேடவேண்டுமாம். பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது உங்கள் அப்பா. உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்.