தேக்கில் செதுக்கிக் கன்மெட்டலில் வார்த்த படகு எஞ்சின்: இதுவரை நடந்தவை

மரவேலை எனக்குத் தொழில். படகு கட்டியது ஆசைக்காக. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களை மனத்தில் வைத்து, தட்டையான அடிப்பாகம் கொண்ட 12 அடிப் படகு ஒன்றை ராணிப்பேட்டையில் உள்ள என் பட்டறையில் கட்டி முடித்திருந்தேன். பலகை பலகையாக நானே இழைத்துச் செய்த படகுக்கு எஞ்சினை மட்டும் விலைக்கு வாங்க மனம் ஒப்பவில்லை. ஒற்றைச் சிலிண்டர் நீராவி எஞ்சினைத் தேர்ந்தெடுத்தேன்: 40 மி.மீ. விட்டம், 40 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம்), பிஸ்டனை இரு பக்கமும் நீராவி தள்ளும் அமைப்பு. சராசரி அழுத்தம் 3 பார், நிமிடத்துக்கு 300 சுற்று என்று கொண்டால் கணக்கில் ஏறத்தாழ 150 வாட் வருகிறது. நடை வேகத்தில் செல்ல அது போதும்.

மரவேலை தெரிந்தவர் உலோக வேலைக்குள் நுழையச் சரியான வாசல் பேட்டர்ன்தான் என்பது என் உறுதியான எண்ணம். மணலில் அச்சு எடுப்பதற்காக மரத்தில் செய்யும் உருவத்தைத்தான் பேட்டர்ன் என்கிறார்கள். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும் என்பதால், பேட்டர்னை முன்கூட்டியே சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். வார்ப்பிரும்புக்கு அடிக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டலுக்கு அடிக்கு ஒன்றரை நூல். தச்சனின் அளவிலேயே வார்ப்படக் கணக்கு அமைந்திருப்பதைக் கண்டபோது, இந்த வேலை என் கைக்கு வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. கடைசல் பிடிக்க வேண்டிய முகங்களில் 3 மி.மீ. கூடுதலாக விட்டேன். மணலிலிருந்து உருவும்போது அச்சு உடையாதிருக்கப் பக்கங்களுக்கு இரண்டு டிகிரி சாய்வு கொடுத்தேன். உள்மூலைகளைக் கூராக விட்டால் அங்கே மணல் உதிரும், உலோகமும் அந்த இடத்தில் விரிசல் விடும். ஆகையால் மூலையை வளைவாக நிரப்பத் தோல் பட்டையை ஒட்டுவது பேட்டர்ன் தச்சர்களின் பழைய வழக்கம். தோல் பதனிடும் ஊரில் அந்த நறுக்குகளுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மெல்லிய பட்டையைப் பசையில் தோய்த்து, உருண்டை முனைக் கம்பியால் மூலையோடு அழுத்தித் தேய்த்தால், அது தேக்கோடு தேக்காகப் படிந்துவிடுகிறது. அதன் மேல் அரக்கு வார்னிஷ் பூசிக் காயவிட்டேன்.

முதலில் வந்த வார்ப்பில், சிலிண்டரின் உள்சுவர் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக் குழி இருந்தது. வார்ப்படப் பட்டறையில் மணல் கருவை (துளை விழுவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணல் உருளையை) நன்றாக உலர்த்தி மறுபடி ஊற்றிக் கொடுத்தார்கள். அது சுத்தமாக வந்தது.

பழைய நாலரை அடி லேத் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். சிப்காட் பக்கம் நெடுங்காலம் டர்னராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அருகில் நின்று சொல்லிக்கொடுத்தார். "தம்பி, மேல்தோல் மணல் ஏறிக் கெட்டியா இருக்கும். பயந்து பயந்து சீவினா டூல் முனைதான் போவும். முதல் வெட்டே தோலுக்கு அடியில போவணும்" என்றார். உளியை 25 டிகிரியில் தீட்டிப் பழகிய எனக்கு, கன்மெட்டலுக்கான டூலின் மேல்முகம் சாய்வே இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும் என்பது புதிய பாடம். சாய்வு கொடுத்தால் டூல் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கொத்திவிடும். சரியாகத் தீட்டிய டூலில் சீவல் சுருளாக வராமல் ரவையாக உதிர்கிறது. சிலிண்டர் துளையை 200 சுற்றில் மெதுவாகப் பெரிதாக்கினேன். மரத்தில் அரை நூல் பிசகினாலும் ஒப்பேற்றிவிடலாம், இங்கே 0.02 மி.மீ.க்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த வேலை, நீராவியைச் சிலிண்டரின் இரு பக்கமும் மாற்றி மாற்றி விடும் ஸ்லைடு வால்வு உட்காரும் முகத்தைச் சமன்செய்ததுதான். அந்த முகம் துல்லியமாகச் சமமாக இல்லாவிட்டால் நீராவி கசிந்து வலிமை வீணாகும். தடித்த கண்ணாடித் தகட்டில் மார்க்கிங் புளூவை மிக மெல்லியதாகத் தடவி, முகத்தை அதன் மேல் வைத்து நகர்த்தி எடுத்தால், மேடான புள்ளிகளில் மட்டும் நீலம் ஏறியிருக்கும். அந்தப் புள்ளிகளைச் சுரண்டியால் லேசாக எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூலைகளில் மட்டும் திட்டாக ஒட்டிய நீலம், வேலை ஏற ஏற முகம் முழுவதும் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவியது. இழைப்புளி பிடித்த கைக்கு இந்தப் பொறுமை இயல்பாகவே வருகிறது.

ஸ்லைடு வால்வை ஆட்டும் எக்சென்ட்ரிக்கை, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்குக்கு 90 டிகிரியும் அதற்கு மேல் சிறிது கோணமும் முன்னதாகப் பூட்டி, கம்ப்ரஸர் காற்றை 2 பாரில் கொடுத்தபோது எஞ்சின் சீராக ஓடியது. கொதிகலனைத் தகுந்தவர்களைக் கொண்டுதான் செய்விக்கப் போகிறேன். அதில் என் கையை நம்பி இறங்குவது முறையாகாது.

இப்போது புரொப்பெல்லருக்கான பேட்டர்ன் மேசையில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 360 மி.மீ. முன்னேற வேண்டும் என்பதால், 6 மி.மீ. தேக்குப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் 6 டிகிரி திருப்பி ஒட்டுகிறேன். படிகளின் உள்மூலைகளை ஒட்டி மிகுதியைச் செதுக்கிவிட்டால், இறக்கையின் முறுக்கு தானாகவே சரியாக அமையும். இரண்டு இறக்கைகளுக்கு அடுக்கு ஒட்டியாகிவிட்டது. மூன்றாவது இந்த வாரம் கிளாம்பில் ஏறும்.