சப்டொமைன் ரவுட்டிங்: ரூட் ஃபைல்ல முடியாத வேலை

சின்ன கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் பண்ற டீம்ல கொஞ்ச காலம் இருந்தேன். லாரவெல்ங்கற பிஹெச்பி ஃபிரேம்வொர்க், ஒரே கோட்பேஸ், ஒரே டேட்டாபேஸ், ஆனா ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவங்க பேர்லயே சப்டொமைன், அதாவது மெயின் டொமைனுக்கு முன்னாடி புள்ளி வெச்சு வர்ற பேர். அட்ரஸ் பார்ல தங்களோட கிளினிக் பேரைப் பார்த்ததும் ரிசப்ஷன்ல இருக்கறவங்களுக்கு இது நம்மளோடதுன்னு தோணும், அதுக்காகவே இந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்தது.

எந்த அட்ரஸுக்கு எந்த கோட் ஓடணும்னு எழுதி வைக்கற ரூட் (route) ஃபைல்ல வேலை கம்மிதான். டொமைன்னு ஒரு மெத்தட் இருக்கு, அதுல சப்டொமைன் வர்ற இடத்துல சுருள் அடைப்புக்குள்ள ஒரு பேர் குடுத்து, மத்த ரூட்டெல்லாம் குரூப்பா உள்ள போட்டா முடிஞ்சது, அந்த இடத்துல வர்ற கிளினிக் பேர், ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தர்ற கன்ட்ரோலருக்கு முதல் பேராமீட்டரா வந்துடும். டொமைன் குறிப்பிடாத ரூட் எந்த ஹோஸ்ட் (அட்ரஸ்ல இருக்கற முழு டொமைன் பேர்) வந்தாலும் மேட்ச் ஆகும், அதனால சப்டொமைன் குரூப்பை முதல்ல எழுதணும், இல்லன்னா கிளினிக் ஹோம்பேஜ் கேட்டவங்களுக்கு நம்ம கம்பெனி ஹோம்பேஜ் போய் நிக்கும். டபிள்யூ டபிள்யூ டபிள்யூவும் ஒரு சப்டொமைன்தான், அதையும் ஏபிஐ, அட்மின் மாதிரி பேருங்களையும் ரெஜெக்ஸ்ல, அதாவது எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கற விதியில, ஒதுக்கி வைக்கணும், எந்த கிளினிக்கும் அந்த பேர்ல ரிஜிஸ்டர் பண்ண விடவும் கூடாது.

சர்வர் பக்கம், டொமைன் பேரை சர்வரோட இணைக்கற டிஎன்எஸ்ல எல்லா சப்டொமைனுக்கும் பொருந்தற ஒரு ஸ்டார் (*) ரெக்கார்டு, வெப் சர்வரான என்ஜின்எக்ஸோட சர்வர் நேம்லயும் ஸ்டார். ஹெச்டிடிபிஎஸ் சர்டிஃபிகேட்டுக்கு அதை இலவசமா குடுக்கற லெட்ஸ் என்கிரிப்ட், 2018 மார்ச்லேர்ந்து எல்லா சப்டொமைனுக்கும் ஒரே சர்டிஃபிகேட்டான வைல்டுகார்டு குடுக்கறாங்க, ஆனா டிஎன்எஸ்ல டிஎக்ஸ்டிங்கற டெக்ஸ்ட் ரெக்கார்டு போட்டு டொமைன் நம்மளோடதுன்னு நிரூபிச்சாத்தான். அந்த சர்டிஃபிகேட் ஒரு லெவலுக்குத்தான் செல்லும். கிளினிக் பேருக்கு முன்னாடி கிளைக்குன்னு இன்னொரு புள்ளி வைக்கலாமான்னு சேல்ஸ்ல கேட்டப்போ, கிளையைப் பாத்ல வெச்சுக்கலாம்னு சொன்னதுக்கு அதுதான் காரணம்.

நான் ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சது மிடில்வேர்லதான், ரிக்வெஸ்ட் கன்ட்ரோலருக்குப் போறதுக்கு முன்னாடி ஓடற கோட் அது. ஹோஸ்டைப் பார்த்து இது எந்த கிளினிக்னு ஒரே இடத்துல முடிவு பண்ணணும், கன்ட்ரோலருக்கு கன்ட்ரோலர் சப்டொமைனைத் திரும்பப் படிக்கவே கூடாது, அதனால கிளினிக்கைக் கண்டுபிடிச்சதும் அந்த ரூட் பேராமீட்டரை ஃபர்கெட் பண்ணி நீக்கிட்டு, லிங்க் உருவாக்கும்போது தானா சேர்ற யூஆர்எல் டிஃபால்ட்ஸ்ல போட்டுட்டோம், லிங்க் எல்லாம் தானா சரியா வரும். டேபிளுக்கான கிளாஸான மாடல்ல குளோபல் ஸ்கோப்ங்கற நிரந்தர ஃபில்டர் போட்டா, அந்த மாடல் வழியா போற எல்லா குவெரியும் அந்த கிளினிக்குக்குள்ளயே நிக்கும். ஆனா வரிசை முக்கியம். நோயாளி ஐடியை வெச்சு ரெக்கார்டைத் தேடற ரூட் மாடல் பைண்டிங்கும் ஒரு மிடில்வேர்தான், அது நம்மளுதுக்கு முன்னாடி ஓடிட்டா ஸ்கோப் இல்லாமலே தேடும், ஐடியை மாத்தி அடிச்சா வேற கிளினிக் நோயாளி வந்து நிப்பார். செஷன் ஸ்டார்ட், அப்புறம் கிளினிக், அதுக்கப்புறம்தான் பைண்டிங்னு ப்ரையாரிட்டி லிஸ்ட்ல எழுதியே வெச்சோம். மருத்துவ விவரம்ங்கறதால இதுல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்குடுத்ததில்ல.

லாகினை நினைவு வெச்சுக்க பிரவுசர்ல வைக்கற குக்கிலயும் இதே கவனம் வேணும். செஷன் டொமைனை மெயின் டொமைனுக்கு வெச்சா ஒரே லாகின் எல்லா சப்டொமைனுக்கும் போகும், அதை காலியா விட்டா அந்தந்த ஹோஸ்டோட நிக்கும். பலர் இதோட போதும்னு நினைக்கறாங்க, போதாது. செஷன் ஸ்டோரும், குக்கியை என்கிரிப்ட் பண்ற ஆப் கீயும் எல்லா கிளினிக்குக்கும் பொதுதானே, ஒருத்தர் தன்னோட குக்கியை கையால காப்பி பண்ணி பக்கத்து சப்டொமைன்ல ஒட்டினா லாரவெல் அதை நம்பும். லாகின் ஆன யூசரோட கிளினிக்கும் ஹோஸ்ட் சொல்ற கிளினிக்கும் ஒண்ணான்னு ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் பாக்கணும், சின்ன இஃப் கண்டிஷன்தான்.

அப்புறம் கியூ, பின்னணியில ஓடற வேலைகளோட (ஜாப்) வரிசை. நாளைக்கு அப்பாயின்ட்மென்ட்னு நினைவூட்டற மெயில், அந்த ஜாப்களை ஓட்டற ஒர்க்கர்லேர்ந்து போகுது, அங்க ரிக்வெஸ்ட்டும் இல்ல ஹோஸ்டும் இல்ல, கான்ஃபிக்ல இருக்கற ஆப் யூஆர்எல்லை வெச்சுத்தான் லிங்க் உருவாகும். அதனால ஒவ்வொரு ஜாப்புக்குள்ளயும் கிளினிக் ஐடியைக் கூடவே அனுப்பி, ஜாப் ஆரம்பிச்சதும் அதே கிளினிக்கை செட் பண்ணி, முடிஞ்சதும் கழட்டிடணும், ஒர்க்கர் ஒரே ப்ராசஸா ஓடிட்டே இருக்கறதால கழட்டலன்னா அடுத்த ஜாப்புக்கும் பழைய கிளினிக்தான் தெரியும். தற்காலிகமா சேமிச்சு வைக்கற கேஷோட கீ முன்னாடியும் அந்த ஐடி இருக்கணும். புதுசா சேர்ந்தவங்க ஜாப் எழுதினா, ரிவ்யூல நான் முதல்ல தேடினது அந்த ஐடியைத்தான்.