கொட்டாங்கச்சி வயலினும் என் பட்டறை மேசையும்

கார்த்திகையின் கடைசி வாரம் வந்துவிட்டால் என் பட்டறையில் கால் வைக்க இடம் இருக்காது. மார்கழிக் கச்சேரிகளுக்கு முன்பாகத்தான் எல்லா வயலின்களுக்கும் ஒரே சமயத்தில் உடம்புக்கு வரும். ஒன்றில் கம்பியை முறுக்கும் பிரடை நிற்காமல் வழுக்கும். இன்னொன்றில் மழைக்கால ஈரத்தில் ஓரத்து ஒட்டு விட்டிருக்கும். வில்லுக்குப் புது மயிர் கட்டித்தரச் சொல்லிப் பத்துப் பேராவது காத்திருப்பார்கள். மயிலாப்பூர் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடி அறைதான் என் பட்டறை. அப்படி ஒரு மாலையில், பெரியவர் ஒருவர் படியேறி வந்தார். கையில் தினத்தாளில் சுற்றிய பொட்டலம். அவர் வேட்டியைப் பிடித்தபடி ஏழு வயது மதிக்கத்தக்க பையன்.

"தம்பி, இதையெல்லாம் இங்கே பார்ப்பீர்களா என்று தெரியவில்லை. பேரன் விடமாட்டேன் என்கிறான்" என்றார்.

பொட்டலத்தைப் பிரித்தேன். கொட்டாங்கச்சி வயலின். சிரட்டையின் வாயில் ஒட்டிய காகிதம் கிழிந்திருந்தது. இரண்டு கம்பிகளில் ஒன்றைக் காணோம். மூங்கில் வில்லில் பாதி இழைகள் அறுந்து தொங்கின. மேசையில் ஒரு வித்வானின் பழைய ஜெர்மன் வயலின் மேல்பலகை கழற்றிய நிலையில் கிடந்தது. மறுநாள் காலைக்குள் அதை மூடிக் கொடுத்தாக வேண்டும். அதை மெதுவாக ஓரம் தள்ளிவிட்டுச் சிரட்டையைக் கையில் எடுத்தேன்.

1979 சித்திரை. சமயபுரம் தேர். எனக்கு ஆறு வயது. லால்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியுமுன் கிளம்பி வந்திருந்தோம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதென்று என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அந்த உயரத்திலிருந்துதான் அந்த வயலின் விற்பவரைப் பார்த்தேன். நீண்ட கழியில் இருபது முப்பது கொட்டாங்கச்சி வயலின்களைச் செருகித் தோளில் சாய்த்துக்கொண்டு, கையில் ஒன்றை வாசித்தபடியே நடந்து வந்தார். எந்த டீக்கடை வானொலியிலும் அந்த ஆண்டு ஒலித்த பாட்டு அது. மேளச் சத்தம், பம்பை, உடுக்கை, ஆயிரம் குரல்கள் எல்லாவற்றுக்கும் நடுவே அந்த மெல்லிய ஒலி தனியாகக் காதில் விழுந்தது. பாட்டின் சொற்கள் கூடக் கேட்பதுபோல இருந்தது எனக்கு.

அப்பா வாங்கித் தந்தார். அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வில்லை இழுத்தேன். கறகறவென்று ஒரு சத்தம். மறுபடி இழுத்தேன். அதே சத்தம். விற்றவர் எனக்கு மட்டும் மோசமானதைக் கொடுத்துவிட்டார் என்று அழ ஆரம்பித்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடிப் போனார். "ஐயா, வேறு ஒன்று மாற்றித் தரமுடியுமா? பிள்ளை அழுகிறான்" என்று கேட்டார்.

அவர் வேறு ஒன்று தரவில்லை. என் கையிலிருந்ததையே வாங்கினார். கம்பியை லேசாக முறுக்கினார். மடியிலிருந்து பிசின் கட்டியை எடுத்து வில்லில் இரண்டு தடவை தேய்த்தார். பிறகு அதே பாட்டை, அதே குழைவோடு, என் வயலினில் வாசித்தார். முழுப் பல்லவியும் வாசித்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார். என் சுட்டுவிரலைப் பிடித்துக் கம்பியில் வைத்து மேலும் கீழும் மெதுவாக நகர்த்திக் காட்டினார். "இங்கே இருக்கிறது. தேடு" என்றார். அவ்வளவுதான், அடுத்த ஆள் கூப்பிட்டதும் போய்விட்டார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. பிறகு எந்தத் திருவிழாவிலும் நான் அவரைப் பார்க்கவில்லை. என் முதல் ஆசான் அவர்தான்.

கொட்டாங்கச்சி வயலினில் விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் மெட்டு கிடையாது. வீணையில் இருபத்துநான்கு மெட்டுகள் உண்டு. விரலை வைக்கவேண்டிய இடத்தைக் கண்ணால் காணலாம். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வந்துவிடும். இந்தச் சிரட்டையில் ஒரு அடையாளமும் இல்லை. கம்பியும் மூங்கிலும் விரலும் மட்டும். ஒரு மயிரிழை தள்ளி வைத்தால் அபஸ்வரம். சரியான இடம் எது என்று சொல்ல உலகத்தில் காது ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கோடை முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து தேடினேன். பாட்டின் முதல் மூன்று ஸ்வரங்கள் கிடைக்க எத்தனை நாள் ஆயிற்று என்று நினைவில்லை. மூன்றும் வரிசையாக விழுந்த நொடி நன்றாக நினைவிருக்கிறது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கம்பி ஒருநாள் அறுந்தது. அப்பா சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஒரு இழையைப் பிரித்துக் கட்டிக்கொடுத்தார். ஒலி மாறிவிட்டது. கனமான கம்பி, கனமான குரல். கம்பியைத் தாங்கும் குதிரையாக வைத்திருந்த தீக்குச்சி விழுந்து தொலைந்தது. அதன் இடத்தில் உடைந்த பலப்பத் துண்டை வைத்தேன். பிறகு மூங்கில் சில்லு. பிறகு புளியங்கொட்டையின் ஒரு பாதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். மூங்கில் சில்லுதான் எனக்குப் பிடித்தது. சிரட்டைக் காகிதம் கிழிந்தபோது பட்டக் காகிதத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். வெயிலில் காய்ந்ததும் விறைப்பாகி, முன்னைவிட உரக்கப் பேசியது. வாசிப்பதைக் காட்டிலும் இந்த மாற்றங்களே என்னை அதிகம் இழுத்தன என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. என் இசை ஆசை இந்த வழியாகத்தான் வந்தது.

1992இல், பத்தொன்பது வயதில், சென்னையில் வயலின் பழுது பார்க்கும் ஒருவரிடம் சேர்ந்தேன். முதல் ஆண்டு உளி தீட்டினேன், வச்சிரம் காய்ச்சினேன், பலகையில் படிந்த ரோசின் என்ற வில் பிசினின் தூளைத் துடைத்தேன். வச்சிரம் என்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை. அதை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது; வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். வயலினுக்கு ஏன் இன்றும் வச்சிரம் என்று பலர் கேட்பார்கள். மரம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும்போது எங்காவது ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். வச்சிரம் விட்டுக்கொடுக்கும், மரம் பிளக்காது. ஒட்டு விட்டால் மறுபடி ஒட்டிவிடலாம். வீட்டிலேயே வெள்ளைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு வருகிறவர்களின் வயலினைத் திறப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இரண்டாம் ஆண்டில்தான் சவுண்ட் போஸ்டைத் தொட அனுமதி கிடைத்தது. வயலினுக்குள், குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே பென்சிலை விடச் சற்று மெல்லிய ஒரு குச்சி நிற்கிறது. அதற்குப் பசை கிடையாது. கம்பிகளின் அழுத்தமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்கு ஆன்மா என்று பொருள். அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் வயலினின் குரல் மாறிவிடும். நான் குச்சியைக் கொஞ்சம் நீளமாக வெட்டிவிட்டேன். இறுகலாக இருந்தும் தள்ளினேன். மேல்பலகையில் டிக் என்று ஒரு சத்தம். நூல் போல ஒரு விரிசல். ஒரு வித்வான் வாழ்நாள் முழுவதும் வாசித்த வாத்தியம் அது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

ஆசான் திட்டவில்லை. பலகையைக் கழற்றி, விரிசலை ஒட்டி, உட்புறம் சிறு மரத்துண்டுகளைப் பதித்துச் சரிசெய்யக் கற்றுத்தந்தார். மூன்று வாரம் ஆயிற்று. புதுக் குச்சியை வெட்டும்போது, "அளவைப் பார்க்காதே, தட்டிப் பார்த்துக் கேள்" என்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என் விரலைப் பிடித்து நகர்த்தியது அப்போது ஞாபகம் வந்தது. இருவரும் சொன்னது ஒன்றைத்தான்.

இந்த வேலையில் நான் மிகவும் நேசிப்பது சுருதி சேர்க்கும் நேரம். மேற்கத்திய முறையில் நான்கு கம்பிகளுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி. நம் கர்நாடக முறையில் ச, ப, ச, ப. வயலின் இந்த மண்ணுக்கு வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் என்ற இசை, நாட்டியச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுக்கு 1834இல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். தாடைக்கடியில் வைத்து வாசிக்கும் வாத்தியத்தைத் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்க நம்மவர்கள் கண்டுகொண்டார்கள். அப்படிச் செய்ததால் இடது கை முழுச் சுதந்திரம் பெற்றது. ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வழுக்கிக்கொண்டு போக வழி பிறந்தது. அந்தக் கமகமும் மெட்டு இல்லாத கம்பியின் கொடைதான். பாடுபவரின் குரலுக்கேற்பப் பக்கவாத்தியக்காரர் ஒருநாள் தாழ்ந்த ஒரு கட்டை சுருதிக்கும் மறுநாள் உயர்ந்த ஐந்து கட்டை சுருதிக்கும் கம்பியை ஏற்றி இறக்குகிறார். என்னிடம் வரும் பிரடைகள் ஏன் தேய்கின்றன என்பதற்கு அதுவே காரணம்.

அதே நேரத்தில் தேங்காய்ச் சிரட்டையும் சும்மா இல்லை. ராஜஸ்தானத்து ராவணஹத்தா சிரட்டையில் தோல் போர்த்தியது. தாய்லாந்தில் சோ ஊ என்று ஒன்று, சீனாவில் பான்ஹூ என்று ஒன்று, இரண்டுக்கும் உடல் சிரட்டைதான். திருவிழாவில் விற்கும் பொம்மைக்கு இவ்வளவு பெரிய சுற்றம் இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. வில் கம்பியைப் பிடிக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்து விளக்கினார். லட்ச ரூபாய் வயலினிலும் சிரட்டையிலும் நடப்பது அதுவேதான். பிசின் தேய்க்காத வில் இரண்டிலும் ஊமை.

பிள்ளைக்கு எதை வாங்கித் தரலாம் என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் நிறையப் பேர். பேட்டரியில் ஓடும் சிறு கீபோர்டைத்தான் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதில் எந்தக் கட்டையைத் தொட்டாலும் ஸ்வரம் சுத்தமாக வருகிறது. பிள்ளை தேட வேண்டியதில்லை. கேட்டுத் திருத்திக்கொள்ளும் வேலையை அந்தப் பொம்மை தானே செய்துவிடுகிறது. எனக்கு வாய்த்த பொம்மை எதையும் எளிதில் தரவில்லை. அதனால்தான் அதை என்னால் கீழே வைக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அன்று மாலை பையனின் வயலினுக்குக் கைக்காகிதம் ஒட்டினேன். மேசை விளக்கின் சூட்டில் அது காயும்வரை பெரியவர் நாற்காலியில் கண்ணயர்ந்தார். பழைய வயலின் கம்பி ஒன்றை வெட்டிக் கட்டினேன். மூங்கில் சில்லைச் சீவிக் குதிரையாக வைத்தேன். வில்லுக்கு நல்ல குதிரை மயிரே கட்டினேன். பையன் என் முழங்கையை ஒட்டி நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, இதை விற்ற அண்ணன் கடற்கரையில் வாசித்த மாதிரி எனக்கு வரவே இல்லை. இது சரியானதும் வருமா?"

பதில் சொல்லாமல் சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் முனகிக் காட்டிய பாட்டை வாசிக்கப் பார்த்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி ஒன்றை வாசித்ததில்லை. இரண்டாவது ஸ்வரம் கொஞ்சம் ஏறி விழுந்தது. விரலை நகர்த்தித் தேடினேன்.

பையன் தலையைச் சாய்த்தான். கண்களை மூடிக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் இறங்கணும் மாமா" என்றான்.

இறக்கினேன்.